குறி பார்க்கும் கடற்கரை

சாயல்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த மாரியூரில், பூவேந்தியநாதரும் பவளநிறவல்லியம்மனும் எழுந்தருளியிருக்கும் பழமையான சிவாலயம் ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவின்போது அங்கே சிவபெருமான் வலைஞர் கோலம் பூண்டு கடலில் வலை வீசும் படலம், சுற்றுவட்டாரத்துச் சனங்கள் கரையெங்கும் திரண்டு நிற்க, நிகழ்த்திக் காட்டப்படுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதைதான் அது. வேதப் பொருளைப் பெருமான் உபதேசித்துக்கொண்டிருக்கையில் உமாதேவியாரின் சித்தம் சற்றே வேறிடம் சென்றுவிட, அதன் பொருட்டு அவர் கடற்கரையில் வலைஞர் குலத்து மகளாய்ப் பிறக்கும்படி சாபம் நேர்கிறது. நந்திதேவர் சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். எவருடைய வலைக்கும் அகப்படாத அந்தச் சுறாவை, இளம் வலைஞராக வந்த பெருமான் வலை வீசிப் பிடித்து, தேவியாரை மணம் புரிந்துகொள்கிறார். கவனம் பிசகியதில் தொடங்கிய கதை, குறி பிசகாத வீச்சில் வந்து முடிகிறது.

ஓய்வு வேளையைப் பற்றியும், அவ்வேளையில் மனிதர் விரும்பி மேற்கொள்ளும் விநோதங்களைப் பற்றியும் எழுத உட்கார்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கதைதான். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகும் பையனைக் கண்டால் ‘ஊர் சுற்றுகிறான்’ என்றும், காகித வட்டத்தில் குண்டு துளைக்கப் பழகும் பெண்ணைக் கண்டால் ‘இதனால் சோறு கிடைக்குமா?’ என்றும் கேட்டுப் பழகியவர்கள் நாம். பிழைப்புக்கு உதவாத யாவும் வீண் என்ற எண்ணம், வானம் பார்த்த பூமியாகிய இராமநாதபுரத்தில் வேரூன்றியதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், கவனத்தைக் குவிக்கும் சக்தியை மனிதனுக்குப் பழக்கிக் கொடுக்கும் விநோதம் எதுவும் வீண் அன்று என்பதும், அத்தகைய விநோதங்கள் இந்தக் கரைக்குப் புதியனவும் அல்ல, செல்வந்தர்க்கு மட்டும் உரியனவும் அல்ல என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

கரையோரத்தில் வீச்சுவலை எறிபவரைச் சற்று அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். வலையின் உச்சியிலிருந்து வரும் கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்; வலையில் ஒரு பகுதியை முழங்கையின்மீது மடித்துப் போட்டு, ஈயக் குண்டுகள் கோத்த விளிம்பின் ஓரிடத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, எஞ்சியதை வலக்கையில் அள்ளி, இடுப்பளவு நீரில் அசையாமல் நிற்கிறார். மடவைக் கூட்டம் நீரின் மேற்பரப்பில் உண்டாக்கும் சிறு சலனம் ஒன்றுக்காகவே அவருடைய கண் காத்திருக்கிறது. அது தென்பட்ட மறுகணம் இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, பல்லின் பிடி விடுபட, வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது. முன்னதாக எறிந்தால் மீன் இல்லை. பின்னதாக எறிந்தாலும் மீன் இல்லை. காற்று எப்பக்கமிருந்து வருகிறதோ அதற்கேற்ப வீச்சின் திசையையும் மாற்றியாக வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் எறியும் கைக்கும் வாடைக் காலத்தில் எறியும் கைக்கும் வித்தியாசம் உண்டு. உப்பளத்து வேலை முடிந்து மாலையில் குழம்புக்கு நாலு மீன் பிடிக்க வருகிறவருக்கு இது பிழைப்பும் அன்று, வெறும் விளையாட்டும் அன்று. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு சுகம். நீரில் சலனம் காணாதபோது வலையை எறியாமலே கரையேறிவிடுகிற நிதானத்தையும் அவர்களிடம் பார்க்கலாம். அந்த நிதானத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறி பார்த்து எறியும் வித்தையில் இந்தச் சீமைக்கு இதனினும் பழைய கீர்த்தி ஒன்று உண்டு. அதுவே வளரி. பிறை போல் வளைந்து, ஒரு முனை கனத்து மறுமுனை மெலிந்து, பெரும்பாலும் வைரமேறிய மரத்தாலும் சில வேளை இரும்பாலும் செய்யப்பட்ட அந்த ஆயுதத்தை, மெலிந்த முனையில் பிடித்து, தோளுக்கு மேல் சில தடவை சுழற்றி, வேகம் ஏறியதும் விடுவார்கள். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூலில் இதன் வர்ணனை இருக்கிறது. தந்தத்தால் செய்த வளரிகள் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். ஆனால் படிப்பவர் மனத்தை உருக்குவது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள்தாம். 1795ஆம் ஆண்டு வாக்கில், இளம் அதிகாரியாக இருந்த தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கையிலிருந்து புறப்படும் வளரி நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் அவர் எழுதுகிறார். அது யுத்தகளத்துப் பயிற்சி அன்று. சிறுவயலில், நட்பின் நிமித்தமாக, ஓய்வான வேளையில் ஓர் ஆசான் அந்நியன் ஒருவனுக்கு அளித்த வித்தை. ஆறே ஆண்டுகளில் அந்த மாணாக்கர் ஆசானுக்கு எதிரான படையில் இருந்தார். 1801 அக்டோபர் மாதத்தில், தொடை முறிந்து விலங்கிடப்பட்டுக் கிடந்த சின்ன மருதுவைக் கண்டதையும், பின்னர் அவர் தூக்கிலிடப்பட்டதையும் வெல்ஷ் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் அவருடைய துக்கமும் தெரிகிறது. திருப்பத்தூரில் மருது சகோதரர்களோடு வீழ்ந்தது ஓர் ஆட்சி மாத்திரம் அன்று. சனங்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. தர்ஸ்டன் எழுதிய காலத்தில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வளரியில் வல்லவர்கள் ஒருவரும் இல்லை, முயலும் காட்டுக்கோழியும் பிடிக்க அபூர்வமாக அதைக் கையாள்கிறார்கள் என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. நூறு வருஷத்தில் ஒரு வித்தை தேய்ந்துபோவதற்கு, அதைப் பழக இடமும் வேளையும் இல்லாமற்போவதே போதுமானதாக இருக்கிறது.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். துப்பாக்கிக்கும் இந்த வாகனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சாலைகளிலேயே பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த நிறுவனம் ஒன்று, என்ஃபீல்டு என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றதால் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரைச் சூடிக்கொண்டது. பீரங்கியைச் சின்னமாகவும், தன் வண்டி துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதை விளம்பர வாசகமாகவும் வைத்துக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட வண்டிக்கு இட்ட பெயரும் புல்லட் என்பதே. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாகி, சென்னைத் திருவொற்றியூரில் வண்டிகள் தயாராகத் தொடங்கின. தாய் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டுப் போயிற்று. திருவொற்றியூர்ப் பிள்ளையோ வளர்ந்து, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் எழுப்பி, தாய் பிறந்த தேசத்துக்கே வண்டிகளை ஏற்றுமதி செய்கிறது.

பழைய புல்லட் ஒன்றைக் கிளப்புவதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். சாவியைத் திருப்பியதும், ஹெட்லைட் கூட்டின்மேல் இருக்கும் அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்லக் காலால் அழுத்திக்கொண்டே வர, ஓரிடத்தில் அது கல்லைப் போல எதிர்த்து நிற்கும். அப்போது இடக்கை விரலால் டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து, அடைபட்ட காற்றைச் சிறிது வெளியேற்றி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தி, பிடியை விட்டு, காலை மேலே எடுத்து, அதன் பிறகே ஒரு முழு உதை. இந்த வரிசையில் பொறுமை குறைந்தால் கிக்கர் திரும்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீளமும் உடைய சிலிண்டரில் பிஸ்டன் நெடுகப் போய் வருவதால் எழும் அந்தத் தாளகதியான ஓசைக்காகவே வண்டி வாங்குகிறவர்கள் உண்டு. இப்போது பொத்தானை அழுத்தினால் யந்திரம் உயிர் பெற்றுவிடுகிறது, சௌகரியம்தான். ஆனால் யந்திரத்தின் உள்ளே நடப்பதை ஒரு முள்ளின் அசைவால் அறிந்து, அதற்கு இணங்கித் தன் கால் அசைவை அமைத்துக்கொண்ட அந்தத் தலைமுறை, ஓட்டத் தொடங்குமுன்பே ஒரு பாடம் படித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாரியூரிலிருந்து புறப்படுகிறவனுக்கு வாய்த்த சாலை சாமான்யமானதன்று. வாலிநோக்கம் வரை பரந்து கிடக்கும் உப்பளங்கள், தமிழ்நாடு உப்புக் கழகத்தின் வெள்ளைக் குவியல்கள், பனைக்கூட்டம், சீமைக்கருவேலக் காடு ஆகியவற்றைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால், ஏர்வாடிப் பிரிவும் கீழக்கரையும் இராமநாதபுரமும் உச்சிப்புளியும் மண்டபமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. பிறகு பாம்பன். 1988 அக்டோபர் 2ஆம் நாள் ராஜீவ் காந்தி திறந்துவைத்த அந்தச் சாலைப் பாலம் வருமுன், தன் சொந்த வண்டியின்மேல் அமர்ந்து இராமேசுவரம் தீவுக்குள் நுழைவதென்பது எவருக்கும் இயலாத காரியமாக இருந்தது. ரயிலும் படகுமே கதி. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவின் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்கு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2017இல், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை போடப்பட்டது. இன்று இந்தியாவின் நாலா திசைகளிலிருந்தும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த முனையைத் தேடி வருவது இதனால்தான்.

இந்தச் சாலையின் குணம் காற்று. வீச்சுவலைக்காரருக்குத் தெரிந்த அதே கச்சான், பாம்பன் பாலத்தின்மேல் பக்கவாட்டில் வந்து வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளும். எதிரே பேருந்து ஒன்று கடக்கையில் ஒரு கணம் காற்று அடைபட்டு, அது நீங்கியதும் இருமடங்கு வேகத்தோடு அறையும். ஹேண்டில்பாரை இறுகப் பற்றுகிறவன் தள்ளாடுவான். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, பார்வையைத் தொலைவில் நிறுத்துகிறவன் நேராகப் போவான். அரிச்சல்முனைச் சாலையிலோ காற்று மணலை வாரிக் கொண்டுவந்து தாரின்மேல் மெல்லிய படலமாகப் போட்டு வைத்திருக்கும். அதன்மேல் முன் பிரேக்கை அழுத்துவது விழுவதற்குச் சமானம். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களையும், தலைக்கவசத்தை டேங்கின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு போகிறவர்களையும் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அவர்கள் வாகனம் ஓட்டுகிறார்களே தவிர, வாகனம் ஓட்டும் வித்தையை அநுபவிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டுகிறவனின் கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும் என்பது மோட்டார் சைக்கிள்காரர்களின் முதல் பாடம். குழியைப் பார்த்தால் குழியில் விழுவான். குழிக்கு அப்பால் உள்ள வழியைப் பார்த்தால் தப்புவான். துப்பாக்கி சுடுகிறவர்களின் முதல் பாடமோ இதற்கு நேர்மாறு. சாதாரணப் பார்வைமுனை பொருத்திய துப்பாக்கியில், குறியைக் கூர்ந்து நோக்கினால் குண்டு விலகிப் போகிறது; கைக்கு அருகிலுள்ள முன்முனையைத் தெளிவாகக் கண்டு, தூரத்துக் குறி சற்று மங்கலாகவே இருக்கும்படி விட்டுவிட வேண்டும். ஒருவன் தன்னை மறந்து தூரத்தைப் பார்க்கிறான்; மற்றவன் தூரத்தை மங்கவிட்டுத் தன்னருகே பார்க்கிறான். சாதனை ஒன்றே.

பத்து மீட்டர் காற்று ரைபிள் என்ற பந்தயத்தின் குறி எத்தனை சிறிதென்று பலருக்குத் தெரியாது. முழுக் குறியுமே 45.5 மில்லிமீட்டர் விட்டந்தான். அதன் நடுவிலுள்ள பத்தாம் எண் வட்டம் அரை மில்லிமீட்டர், அதாவது எழுத்தின்மேல் வைக்கும் புள்ளியளவு. அதைப் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து, நின்றபடி, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டால் அறுபது முறை தொட முயல வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, தேகத்தின் ஆட்டம் அடங்கும் அந்தச் சில விநாடிகளுக்குள், விரல் தானறியாமலே விசையை அழுத்தி முடிக்க வேண்டும். அதற்குள் மனம் நிலைகொள்ளவில்லையானால், சுடாமலே ரைபிளைக் கீழே இறக்கிவிட வேண்டும். இப்படி இறக்கத் தெரிவதே பயிற்சியில் கடினமான பகுதி என்று சுடுபவர்கள் சொல்வார்கள். சலனம் இல்லாத நீரில் வலையை எறியாத வலைஞரும், எதிர்த் தடம் தெளிவாகத் தெரியாதபோது லாரியை முந்தாமல் பின்தங்குகிற ஓட்டுநரும் இதே விவேகத்தைத்தான் வேறு வேறு வழியில் அடைந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு விநோதங்களையும் ஒருங்கே பழகுகிறவரைத் தமிழர்கள் அனைவரும் அறிவர். மோட்டார் சைக்கிளில் தேசாந்தரங்களைச் சுற்றிவரும் நடிகர் அஜித்குமார், தம் ஐம்பதாவது வயதில், 2021இல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டு பதக்கங்கள் பெற்றார். மறு ஆண்டு திருச்சியில் நடந்த போட்டியிலும் பெற்றார். சினிமாவின் பிரபலத்தை நான் இங்கே பொருட்படுத்தவில்லை. ஐம்பது வயதில் ஒருவர், கற்றுக்குட்டியாய் வரிசையில் நிற்கச் சம்மதிக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்குக் கிடைத்த சாதனங்கள் சாயல்குடிப் பையனுக்குக் கிடைக்கா என்பது மெய். ஆனால் சம்மதிக்கும் மனம் விலைக்குக் கிடைப்பதன்று.

மறவர் சீமையின் வடக்கு எல்லையில், வளரியில் வல்லவர்கள் மறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே புதுக்கோட்டையின் அரச குடும்பத்தில் பிறந்த பிருத்விராஜ் தொண்டைமான், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் 2023 அக்டோபர் 1ஆம் நாள், ஹாங்சௌ ஆசிய விளையாட்டில், கைனான் செனாய், சோராவர் சிங் சந்து ஆகியோரோடு சேர்ந்து இந்திய அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். பதினொரு சென்டிமீட்டர் விட்டமுள்ள களிமண் தட்டு, எத்திசையில் எழும் என்று தெரியாமலே பாய்ந்து வரும். அதைக் கண்டு, திரும்பி, சுடுவதற்கு அவகாசம் ஒரு விநாடிக்கு உட்பட்டதுதான். அரண்மனைச் செல்வம் அங்கே ஓரளவு உதவியிருக்கலாம். அந்த விநாடியில் உதவியிருக்க முடியாது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்று ரைபிளில் உலகக் கோப்பைப் பதக்கங்கள் பெற்றவர், அரண்மனை எதிலிருந்தும் வந்தவர் அல்லர்.

துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது பறவைகளைப் பற்றி எழுதாமலிருப்பது இந்தப் பிரதேசத்தில் தர்மம் ஆகாது. சாயல்குடியின் அக்கம்பக்கத்திலேயே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்கள் 1998 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கின்றன. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பிய வருஷங்களில், நாட்டுக்கருவேல மரங்களின்மேல் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. கண்மாய்க் கரையில் கொக்கு சுடுவதை வேட்டை விநோதமாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது மிகவும் நன்று. காகித வட்டம் இருக்க, உயிரைக் குறியாக்குவதில் வித்தையும் இல்லை, வீரமும் இல்லை. குறி பார்க்கும் கண் உடையவனுக்குப் பைனாகுலர் ஒன்று கிடைத்தால், மரத்தில் அமர்ந்த நூறு பறவைகளுக்கிடையே புதிதாய் வந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதில் அவன் பெறும் ஆனந்தம் எந்தத் துப்பாக்கியும் தருவதற்குக் குறைந்ததன்று. தை மாதத்துக் காலையில் புல்லட்டை ஓரமாக நிறுத்திவிட்டுச் சத்தமின்றிக் கரையேறி நிற்கிறவர்கள் இதற்குச் சாட்சி.

இனி நம்மால் ஆகக்கூடியது என்ன என்று பார்ப்போம். மோட்டார் சைக்கிளும் சாலையும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஓட்டும் முறையைக் கற்பிப்பவர்தாம் இல்லை. லைசென்ஸ் பெறுவதற்கு எட்டுப் போட்டுக் காட்டுவதோடு படிப்பு முடிந்துவிடுகிறது; மணலில் பிரேக் பிடிப்பதும், பக்கக் காற்றில் வண்டியை நேராகச் செலுத்துவதும், மாலை மங்கலில் சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தையை முன்கூட்டியே உணர்வதும், விழுந்து எழுந்தே கற்கப்படுகின்றன. வட்டாரத்து மெக்கானிக்குகளும், நெடுங்காலம் விபத்தின்றி ஓட்டிய முதியவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் உப்பளத்துப் பொட்டலில் இதைச் சொல்லிக் கொடுத்தால் அதற்குச் செலவு அதிகம் ஆகாது.

துப்பாக்கிப் பயிற்சியும் நாம் அஞ்சுகிற அளவுக்குச் செலவு பிடிப்பதோ சட்டச் சிக்கல் மிக்கதோ அன்று. .22 ரைபிளுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்; 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு, 2016இன் ஆயுத விதிகள் அந்த நிர்ப்பந்தத்தை வைக்கவில்லை. பந்தயங்களில் வெல்பவர்கள் வைத்திருக்கும் ஜெர்மன் ரைபிள்கள் லட்சக்கணக்கில் விலை பெறும். ஆனால் நிற்கவும் மூச்சடக்கவும் இறக்கிவைக்கவும் பழகுவதற்கு, உள்நாட்டில் செய்யப்படும் எளிய காற்றுத் துப்பாக்கியே போதும். இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்திலோ, கடலாடி, சாயல்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றிலோ, பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு மண்டபத்தை இதற்கென ஒதுக்கலாம். சுடும் கோட்டுக்கு முன்னே எவரும் செல்ல முடியாதபடி ஒரே வாசல், குறிக்குப் பின்னே ஈயக் குண்டுகளைத் தாங்கும் இரும்புப் பெட்டி, குறியின்மேல் விழும் நல்ல விளக்கு, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, சாவியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒரு பயிற்சியாளர், காகிதக் குறிகள் ஒரு கட்டு: ஆரம்பத்துக்கு இவ்வளவே தேவை. மாவட்ட விளையாட்டு அதிகாரியும் பள்ளிக் கல்வித் துறையும் ஒரு முறை கலந்து பேசினால், வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முதல் வகுப்பை நடத்திவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு அதில் சரிபாதி இடம் ஒதுக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.